விரிசல் இல்லாத குழல்

என் பெரியவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது, மனசு வரமாட்டேன் என்கிறது. நீயாவது உடம்பு நன்றாக இருக்க வேண்டும். சலூனில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முந்தாநாள் கடையிலிருந்து ஃபோன் பண்ணி, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேனே, சொல்ல வந்தது இதைத்தான்.

உன் அம்மாவுக்கு மூச்சு போதவில்லையடா. படுக்கப்போகும்போது அவள் புல்லாங்குழல் வாசிப்பதும், பாட்டு முடியுமுன் நான் குறட்டை விடுவதும் உனக்குத் தெரியாததா? கொஞ்ச நாளாகக் கடைசி இழுப்பு பாதியிலேயே அறுந்துபோய், என் தூக்கமும் கலைந்தது. கேட்டால், "மூங்கில்ல விரிசல் விட்டிருக்குங்க, காத்து ஒழுகுது" என்றாள். நானும் மடையன் மாதிரி நம்பி, நல்ல நூலாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். அவளும் குழலைச் சுற்றி இறுக்கமாகக் கட்டி, எண்ணெய் தடவி வைத்தாள். அப்புறமும் அறுந்துதான் போனது. மெத்தைப் பட்டறையில் நாளெல்லாம் பஞ்சுத் தூசியில் நிற்கிறவள், இருமினால் தூசிதானே என்று விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடையில் கூட்டம், அங்கே நீ படுக்கப்போகுமுன் ஃபோனில் அம்மாவின் குழலைக் கேட்கும் நேரத்தில் நான் வீட்டில் இருப்பதில்லை. போன ஞாயிறு கரண்ட் போய்விட்டதால் சீக்கிரமே கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். மாடிப்படி ஏறும்போதே குழல் கேட்டது. அந்தக் கடைசி இழுப்பு அறாமல், நீளமாக, அப்படியே நின்றது. அப்பாடா, குழல் சரியாகிவிட்டது என்று ஒரே ஓட்டமாக ஏறினேன். உள்ளே பார்த்தால் வாசிப்பது உன் தங்கை. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஃபோனை அவள் பக்கம் நீட்டிப் பிடித்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பேசாதே என்று உதட்டில் விரலை வைத்தாள். ஃபோனில் நீ, "அம்மா, முன்னைவிட நல்லா வாசிக்கிறியே, இப்பத்தான் தூக்கம் வருது" என்கிறாய். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

நீ ஃபோனை வைத்த பிறகு குழலை வாங்கி அந்த நூலைப் பிரித்தேன். உள்ளே விரிசலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இல்லாத விரிசலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறாள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக. உன் தங்கை, "அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாப்பா" என்று ஓவென்று அழுதாள். அம்மா அழவில்லை. "தூரத்துல தனியா கிடக்கிறவன், அவனாவது நிம்மதியா தூங்கட்டும்ங்க" என்றாள். அதைச் சொல்லி முடிக்கவே இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள்.

டாக்டரிடம் போகலாம் என்றால் வாயைத் திறக்கவிடமாட்டேன் என்கிறாள். பார்த்தால்தான் வியாதியாம், பார்க்காவிட்டால் இல்லையாம். கெஞ்சினேன், கத்தினேன், ஒரு வேளை பட்டினிகூடக் கிடந்தேன், சிரிக்கிறாள். அவள் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான். இப்போதெல்லாம் குறட்டை விடுவது எங்கே, அவள் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறேன். அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடாதடா.

உன் பேச்சைத்தான் அவள் தட்டமாட்டாள். அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை வாசித்து முடித்ததும், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடாதே. "அம்மா, இப்ப நீ வாசி" என்று கேள். நீ கேட்டால் வாசிப்பாள். நடுவில் அறுந்துபோகும். அப்புறம் இருமல் வரும், அது நிற்கக் கொஞ்ச நேரம் ஆகும். நின்றதும், நாளைக்கே அப்பாவோடு டாக்டரிடம் போ என்று சொல். அழுதுவிடாதே, நீ அழுதால் அவள் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள். பெற்ற பிள்ளையிடம் இப்படி ஒரு வேலை சொல்கிறேனே என்று எனக்கே மனசு ஆறவில்லை, வேறு வழி தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொண்டு போ. நீ நீண்ட ஆயுசோடு, குறையில்லாமல் இருக்க வேண்டும். மறந்துவிடாதே, அவள் இருமும்போது பயந்துபோய் ஃபோனை வைத்துவிடாதே. நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

உன் அப்பா