யன்னலுக்குக் கீழே ஓர் ஓடை

3 பெப்ரவரி 2024

ஒத்துக்கொண்டுவிட்டேன். சிறுவர்களுக்கான படப் புத்தகம். பனி உருகுவதில் தொடங்கி இலை உதிர்வதுவரை ஒரே ஓர் ஓடையைப் பற்றியது. எழுத்து மிகக் குறைவு, படங்கள்தான் எல்லாம். வூப்பர்டாலில் இருக்கும் சின்னப் பதிப்பகம். ஆசிரியர் பிரிங்க்மன் அம்மையார் தொலைபேசியில், "எந்த ஓடை என்று நீங்களே முடிவெடுங்கள், உங்களுக்குப் பழகிய இடமாக இருந்தால் நல்லது" என்றார்.

டுசல்டோர்ஃபில் இருபது வருடங்களுக்கு மேல் இருக்கிறேன். றைன் ஆற்றை எத்தனை முறை வரைந்திருப்பேன்! ஆனால் அவர் ஓடை என்றதும் எனக்குள் ஓடியது வேறு தண்ணீர். ஆல்டன்ஹோல் கிராமத்துக்குப் பின்னால், காட்டு விளிம்பில் ஓடும் அது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து முதலில் இருந்த அகதி விடுதி அங்கேதான் இருந்தது. எனக்கு ஆறு வயது, தம்பி மதீசனுக்கு நாலு. மூன்று வருடம் இருந்தோம். பிறகு ஒருநாளும் அங்கே போனதில்லை.

ஏன் போகவில்லை? பஸ்ஸும் ரயிலுமாக ஒன்றரை மணித்தியாலப் பயணம்தானே.

10 பெப்ரவரி

போனேன்.

விடுதி இல்லை. இடித்துவிட்டார்கள். பழைய விருந்தினர் மாளிகை அது, மூன்று மாடி, கரும்பலகைக் கல் பதித்த சுவர். இப்போது அந்தச் சரிவில் புல்லும் உட்கார ஒரு மர வாங்கும் மட்டும். பிழையான இடத்தில் இறங்கிவிட்டேனோ என்று முதலில் நினைத்தேன். பிறகு கீழே சத்தம் கேட்டது. கல்லில் தண்ணீர் உரசும் சத்தம். சரியான இடம்தான்.

ஓடை அப்படியே இருக்கிறது. கரையில் எர்லே என்று ஜெர்மன்காரர் சொல்லும் மரங்கள். அவற்றின் கிளையை வெட்டினால் வெட்டிய இடம் கொஞ்ச நேரத்தில் சிவந்துவிடும். சின்ன வயதில் மரத்துக்கு இரத்தம் வருகிறது என்று மதீசன் அழுதிருக்கிறான். நான் என் கைலேஞ்சியைக் கட்டிவிட்டேன்.

ஓடைத் தண்ணீரிலேயே தூரிகையைத் தோய்த்து வரைந்தேன். குளிரில் வர்ணம் தாளிலேயே உறைந்து, ஊசி ஊசியாகக் கோலம் போட்டது. நான் வரைந்ததைவிட அது நன்றாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

விரல்கள் விறைத்துப்போயின. சந்தோஷமாக இருந்தேன். மிகவும்.

11 பெப்ரவரி

அம்மா வீட்டுக்குப் போனேன். டிராமில் நாலு தரிப்பு. எங்கே போய்வந்தேன் என்று சொன்னேன்.

"அந்தக் கோதாரி பிடிச்ச இடத்துக்கோ? உனக்கென்ன விசரே?"

"ஓடையை வரையப் போனனான் அம்மா. அது வடிவா இருக்கு."

"இந்த நாட்டில வேற ஓடை இல்லையோ?"

அவ்வளவுதான். பிறகு கத்தரிக்காய்க் குழம்பு, மதீசனின் பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் என்று வேறு கதை.

14 பெப்ரவரி

அம்மா தினமும் காலையில் தொலைபேசி எடுப்பார். மூன்று நாளாக எடுக்கவில்லை.

9 மார்ச்

குளிக்கிற குருவியைக் கண்டேன்! மண்ணிறம், வெள்ளை நெஞ்சு. தண்ணீருக்குள் நடந்து போய், மூழ்கி, வேறொரு கல்லில் ஏறி நின்று குனிந்து குனிந்து வணக்கம் சொல்லும். அதற்கு நானும் மதீசனும் வைத்த பெயர் அது. ஜெர்மன் பெயரைப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். இன்றுவரை எனக்கு அது குளிக்கிற குருவிதான்.

அங்கிருந்தே மதீசனுக்கு எடுத்தேன். அவன் ஸ்டுட்கார்ட்டில் வேலையில் இருந்தான்.

"அக்கா, நாங்கள் கட்டின அணை இருக்கோ?"

"முப்பத்தைஞ்சு வருஷமடா."

"விடுதியில இருந்த லெபனான் பெடியளோட சேர்ந்து கட்டினது. ஒரு கல்லுக்கூடவோ இல்லை?"

ஏதோவொரு கல்லைப் படம் எடுத்து, இதுதான் என்று அனுப்பினேன். இதயம் போட்டுப் பதில் அனுப்பினான்.

எங்கள் இரண்டு பேருக்கும் அது சொர்க்கம். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் விடுமுறைக்குக் கடலுக்குப் போனதைச் சொல்லும்போது எனக்குப் பொறாமை வந்ததே இல்லை. எங்களுக்கு வீட்டு வாசலிலேயே ஆறு இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் "ஆத்தடியில போய் விளையாடுங்கோ" என்று அம்மாவே அனுப்பிவிடுவார். மழை தூறினாலும் அனுப்புவார். எந்தத் தாய் அப்படி விடுவாள்!

21 ஏப்ரல்

காடு முழுக்கக் காட்டுப்பூண்டு வாசம். வெள்ளைப் பூக்கள் தரையை மூடிவிட்டன. வெள்ளையை வர்ணத்தால் போடாமல் தாளையே வெள்ளையாக விட்டு, சுற்றிவரப் பச்சையைப் போட்டேன். நாலு மணித்தியாலம் எப்படிப் போனதென்று தெரியவில்லை.

வரும் வழியில் அம்மாவிடம் காட்டப் போனேன். காட்டியிருக்கக் கூடாது. படத்தைக் கையில் வாங்கினார், பார்த்தார், மேசையில் குப்புற வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம்.

ஏன் அப்பிடி? படம்தானே அது! என்ர சின்ன வயசு எனக்குச் சொந்தமில்லையோ? நான் சந்தோஷமா இருந்ததும் ஒரு குற்றமோ?

ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். அப்பா இருந்திருந்தால் அவரிடம் கேட்கலாம். அவரும் அந்த இடத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

18 மே

பிரிங்க்மன் அம்மையாருக்கு இதுவரை வரைந்ததைக் காட்டினேன். வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்து நீண்ட நேரம் பார்த்தார். பிடித்திருக்கிறது என்றார். பிறகு, "எல்லாமே ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தவை, கவனித்தீர்களா?" என்றார்.

நான் கவனிக்கவில்லை. உண்மைதான். கல், வேர், நீரின் தோல், இலையின் அடிப்பக்கம். எல்லாம் குந்தியிருந்து பார்த்தவை.

புத்தகத்தின் முதல் பக்கங்களுக்கு முழுப் பள்ளத்தாக்கும் தெரியும் ஒரு பெரிய படம் வேண்டுமாம். பிள்ளைகளுக்கு ஓடை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. நியாயம்தான்.

1 ஜூன்

வீதியிலிருந்து வரைந்தேன். எதிர்ச் சரிவில் ஏறி வரைந்தேன். அந்த வாங்கிலிருந்தும் வரைந்து பார்த்தேன். மரங்கள்தான் தெரிகின்றன, ஓடை மறைந்துபோகிறது. இன்னும் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். அங்கே இப்போது உயரமாக ஒன்றுமே இல்லை.

8 ஜூன்

மழை. மூன்று தாள் வீண்.

16 ஜூன்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் அம்மா வீட்டில். சாப்பிட்ட பிறகு அவர் கண்ணயர்ந்தார். நான் மேசையில் தாளை விரித்து, பென்சிலால் அந்தப் பள்ளத்தாக்கைக் கற்பனையில் போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து வந்தது தெரியவில்லை. தோளுக்குப் பின்னாலிருந்து குரல்.

"இது பிழை."

"எது அம்மா?"

"வேலி இதில இல்லை. இஞ்சால." விரலால் தாளில் ஒரு கோடு இழுத்தார். "முதல்ல குப்பை வாளியள் நாலு. பிறகு வேலி. வேலிக்கு அங்கால ஒரு செரி மரம், ஒரு பக்கம் பட்டுப்போனது. அதுக்கும் கீழ பாதை வளைஞ்சு போகும். ஆறு ரெண்டு இடத்தில மட்டும்தான் தெரியும். இதில ஒண்டு, இதில ஒண்டு."

நான் அழித்து அழித்துப் போட்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். தயக்கமே இல்லை. நேற்றுப் பார்த்தவர் போல.

"எங்கயிருந்து பாத்தனீங்கள்?"

"மூண்டாம் மாடி யன்னல். வேற எங்க?"

"ஆத்தடிக்கு நீங்கள் வந்ததே இல்லையே அம்மா. ஏன்?"

அம்மா மேசை விரிப்பின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி வாறது? எங்கட அகதி விண்ணப்பத்தை ரெண்டு தரம் இல்லையெண்டிட்டாங்கள். எப்ப வந்து பிளேனில ஏத்தித் திருப்பி அனுப்புவாங்களோ எண்டு தெரியாது. அப்பாவுக்கு வேலை செய்ய விடேல்லை. அந்த மனுசன் சுவரைப் பாத்துக்கொண்டு கட்டில்ல கிடக்கும். கதைக்காது, சாப்பிடாது. அவரைத் தனிய விட்டிட்டுக் கீழ வர எனக்குப் பயம்."

"எங்களை மட்டும் அனுப்பினீங்கள்."

"ஓம். ஒரே ஒரு அறை. நாலு பேர். அழுறதுக்கு ஒரு இடம் இல்லை பிள்ளை. குளியலறைக்கும் வரிசை. உங்களுக்கு முன்னால அழ ஏலாது. அழுகை வரப்போகுது எண்டால் 'ஆத்தடியில போய் விளையாடுங்கோ' எண்டுவன். நீங்கள் துள்ளிக்கொண்டு ஓடுவியள். பிறகு யன்னலடியில நிண்டு அழுவன். அழுதாலும் கண்ணை எடுக்க ஏலாது. தண்ணிக்குள்ள விழுந்திடுவியளோ எண்டு பாத்துக்கொண்டே நிப்பன்."

பென்சிலைக் கீழே வைத்தேன்.

அம்மா படத்தைத் தன் பக்கம் திருப்பினார். குப்பை வாளி, வேலி, செரி மரம், வளைந்த பாதை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு தெரியும் இடத்துக்குக் கிட்டக் குனிந்தார்.

"எங்க பிள்ளையளைக் காணேல்லை?"

இரண்டு புள்ளி வைத்தேன். ஒன்று பெரிது, ஒன்று சின்னது.

17 ஜூன்

நித்திரை வரவில்லை. எண்ணிப் பார்க்கிறேன் — எத்தனை பின்னேரங்கள்! நானும் தம்பியும் கல் அடுக்கிய, குருவி பார்த்த ஒவ்வொரு பின்னேரமும் மேலே —

நான் அங்கே சந்தோஷமாக இருந்தது பொய்யா? இல்லை. அது பொய்யில்லை. அதைத்தானே அவர் அங்கே நின்று காவல் காத்தார்.

மதீசனிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டான். பிறகு, "அம்மாவுக்கு எடுக்கிறன் அக்கா" என்று வைத்துவிட்டான்.

6 ஜூலை

பெரிய படம் முடிந்தது. மூன்றாம் மாடி உயரம், மழைக்குப் பிறகான வெளிச்சம். பிரிங்க்மன் அம்மையாருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. ஒன்றே ஒன்று கேட்டார்: சிறுவர் புத்தகத்தின் முதல் படத்தில் நாலு குப்பை வாளிகள் எதற்கு? எடுத்துவிடலாமே?

முடியாது என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. அவர் சிரித்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார்.

17 ஓகஸ்ட்

வேலை, வேலை. தும்பிகளின் செட்டைக்கு நீலம் சரிவரவில்லை. அம்மா பழையபடி தினமும் எடுக்கிறார். இப்போது, "இண்டைக்கு அங்க போனியோ? தண்ணி கூடவோ குறைவோ?" என்று கேட்கிறார்.

12 ஒக்டோபர்

அம்மாவே கேட்டார்: "அங்க போற பஸ் ஞாயிற்றுக்கிழமையிலயும் ஓடுமோ?"

13 ஒக்டோபர்

வெயில் நாள். அம்மா நல்ல சேலைக்கு மேல் கோட் போட்டு, கோயிலுக்கு வெளிக்கிட்டதுபோல் வந்தார். பஸ்ஸில் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

விடுதி இருந்த புல்வெளியில் நின்று மேலே பார்த்தார். யன்னல் இருந்திருக்கக்கூடிய இடத்தை, வெறும் வானத்தை. "நல்ல வேலை செய்தாங்கள்" என்றார். இடித்ததைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பாதை சரிவு. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக இறங்கினார். நடுவில் ஒருமுறை நின்றார். திரும்பிப் போகலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே நடக்கத் தொடங்கிவிட்டார்.

கரைக்கு வந்ததும் தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

"இவ்வளவுதானே ஆறு?"

"இவ்வளவுதான் அம்மா."

"கணுக்காலுக்கும் காணாது! இதுக்குள்ள தாண்டு போவியள் எண்டோ நான் அவ்வளவு நேரமும் பயந்து செத்தனான்?"

சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும். பிறகு ஒரு கல்லில் அமர்ந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, எடுக்காமல் வைத்திருந்தார். குளிருமே என்றேன். கேட்கவில்லை. மஞ்சள் இலைகள் வந்து விரலில் தட்டி, விலகிப் போயின.

நான் வரையவில்லை. பக்கத்தில் இருந்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன்.

"அது போகட்டும் பிள்ளை. அடுத்ததில போவம்."

ஞாயிற்றுக்கிழமை. அடுத்தது மாலையில்தான். அதை நான் சொல்லவில்லை.