சஹனில் மீந்த சோறு

கல்முனைக்குடி
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகன் நுஸ்கிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் ரஹ்மத்தால் நானும் வாப்பாவும் உன் தங்கச்சி நதீராவும் அவள் பிள்ளையும் சுகம். கத்தாரில் அந்த வெயிலுக்குள் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கை ஏந்துகிறேன்.

வாட்ஸ்அப் இருக்க உம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறா என்று யோசிப்பாய். என் ஃபோன் பழுதாகிப் போனது என்று நதீரா சொன்னது பொய். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். ஃபோன் நன்றாகத்தான் கிடக்கிறது. நீ கோல் எடுக்கும்போதெல்லாம் அது அடித்து ஓயும் வரைக்கும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் ஏலாது. குரல் போட்டு அனுப்பலாம் என்றால், உன் அறையில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. லீவு முடிந்து சனிக்கிழமை திரும்புகிற உன் கூட்டாளியிடம் உறையை ஒட்டிக் கொடுக்கிறேன். தனியாக இருந்து வாசி.

ஊர்ப் புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. கடல் இந்த முறையும் கரையைத் தின்றுகொண்டு வருகிறது. வாப்பாவின் முழங்கால் நோவு கொஞ்சம் பரவாயில்லை, கடைக்குச் சைக்கிளில் போய் வருகிறார். நதீராவின் பிள்ளை கதைக்கத் தொடங்கிவிட்டான், பெரிய ஆட்களையும் வாடா போடா என்கிறான். அடிக்கவும் மனம் வருகுதில்லை, சிரிக்காமலும் இருக்க ஏலாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணப் பேச்சு இழுபறியில் நிற்கிறது. இறக்காமத்தில் உனக்கும் ஸஹ்றாவுக்கும் என்று அவள் வாப்பா மீராமுகைதீன் காக்கா கட்டிக்கொண்டிருந்த வீட்டின் வேலையை நிறுத்திப்போட்டாராம். உன் மெசேஜுக்கு ஸஹ்றா பதில் போடுகிறாள் இல்லை, என்ன நடந்தது என்று நதீராவிடம் கேட்டாயாமே. அந்தப் பிள்ளையில் ஒரு குற்றமும் இல்லை மகன். நீயே ஆசைப்பட்டுக் கேட்ட பெண்ணை உனக்கு இல்லாமல் ஆக்கப் பார்த்தது என் வாயும் வயிறும்தான். எழுதும்போதே முகம் எரிகிறது.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து, உன் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க அளவு கொடுக்கலாம் என்று பாண்டிருப்பில் கஜேந்தினியிடம் போனேன். என் இடுப்பைச் சுற்றிப் போட்ட நாடாவை அவள் இரண்டு தரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டாள். அந்த நல்ல குணத்துக்காகத்தான் வாய் விட்டுக் கேட்டேன், நீ எப்படிப் புள்ள இப்படி மெலிஞ்ச என்று. சோறு, பாண், பிட்டு, இடியப்பம், சீனி எல்லாவற்றையும் விட்டுவிட்டாளாம். முட்டை, மீன், இறைச்சி, கீரை, தேங்காய் இவ்வளவும்தான் சாப்பாடாம். பசி வந்தா இன்னொரு முட்டை தின்னுங்க அக்கா, சோத்துப் பானைப் பக்கம் மட்டும் போகாதீங்க என்றாள்.

போகாமல் இருக்க நான் என்ன வீட்டுக்கு வந்த விருந்தாளியா? காலையில் வாப்பாவுக்குப் பிட்டு, பகலைக்குச் சோறு, இரவைக்கு இடியப்பம். எல்லாவற்றையும் நானே அவித்து, வாசத்தை மட்டும் மூக்கால் தின்றேன். வாப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று என் சாப்பாட்டுக் கோப்பையிலும் சோறு போட்டுக்கொண்டு இருப்பேன். அவர் கை கழுவ எழும்பினதும் அதைக் கொண்டுபோய்க் கோழிக்குக் கொட்டுவேன். கோழிதான் கொழுத்தது. எனக்கு மிஞ்சினது தலையிடியும் கோபமும். ஒருநாள் நதீராவின் பிள்ளை கையில் வைத்திருந்த அரை பிஸ்கட்டைப் பறித்து வாயில் போட்டுவிட்டு, காகம் கொத்திக்கொண்டு போயிற்று என்று நதீராவுக்குச் சொன்னேன். பேசத் தெரிந்த பிள்ளை என்னையே பார்த்தது. பேரப்பிள்ளையின் முன்னால் பொய் சொல்லி நின்ற அந்த நிலைமையை யாரிடம் போய்ச் சொல்ல?

டொக்டர் சொல்லிச் செய்தேனா என்றால் அதுவும் இல்லை. எனக்குச் சீனி வருத்தமும் கிடையாது, பிரஷரும் கிடையாது, அல்ஹம்துலில்லாஹ். பேரன் கண்ட பொம்புளை மெலிய வெளிக்கிட்டாள் என்று தெரிந்தால் ஊர் என்ன கதைக்கும் என்ற வெட்கத்தில்தான் ஒளித்தேன். அந்த ஒளிப்புத்தான் என்னை இறக்காமத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

சிறுபோக வேளாண்மை வெட்டினதும் புது அரிசிச் சோறு தின்ன வாங்க என்று அவர்கள் நம்மைக் கூப்பிட்டிருந்தார்கள். வாப்பா, நதீரா, உன் மாமா எல்லோருமாக வேன் பிடித்துப் போனோம். என்ன சங்கை, என்ன கவனிப்பு! நடு அறையில் பாய் விரித்துப் பொம்புளைகளுக்குச் சஹன் வைத்தார்கள். ஸஹ்றாவின் உம்மா ஷாஹினா, அவவோடு கூடப்பிறந்த ராத்தா, நான், நதீரா, நாலு பேரும் அந்த ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். ஸஹ்றா பின்னால் நின்று தண்ணீர் தந்தாள். தட்டு நிறையச் சோறு, நடுவில் முழுசாகப் பொரித்த கோழி.

கோழியைப் பிய்த்து ஆள் ஆளுக்குப் பங்கு வைக்கிறது சஹனில் மூத்தவரின் வேலை. மாப்பிள்ளையின் உம்மா என்று அந்த மரியாதையை எனக்குத் தந்தார்கள். தனிக் கோப்பை என்றால் எப்படியாவது சமாளிப்பேன். சஹனில் எதை ஒளிக்கிறது? என் பக்கத்துச் சோற்றை விரலால் மெல்ல மெல்ல நதீராவின் பக்கம் தள்ளினேன். அவள் என்னை முறைத்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள். சரி, கோழியைப் பிய்க்கிற சாட்டில் கையை வேலையாக வைத்திருப்போம் என்று நினைத்தேன். ஷாஹினா வீட்டு வேலையைப் பற்றி, கதவு நிலையைப் பற்றி, ஜன்னலைப் பற்றிக் கதைத்துக்கொண்டே போனா. நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாரக்கணக்கில் காய்ந்த வயிறு மகன். பிய்க்கிற கை தன் பாட்டுக்கு என் வாய்க்குப் போய் வந்திருக்கிறது.

நான் குனிந்து பார்த்தபோது மற்ற மூன்று பேரும் வெறும் ஆணத்தில் சோற்றைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தார்கள். எலும்பு முழுதும் என் முன்னால். என் பக்கத்துச் சோறு தொட்ட அடையாளம் இல்லாமல் அப்படியே இருந்தது. யா அல்லாஹ், அந்தப் பாயோடு சேர்த்து என்னையும் சுருட்டி எடுத்துப் போனால் என்ன என்று இருந்தது.

சோறு சரியில்லையா ராத்தா என்று ஷாஹினா மெதுவாகக் கேட்டா. வயிறு சரியில்லை என்றேன். அவவின் ராத்தா எலும்பைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அதற்குள் கதை ஆம்புளைகள் இருந்த பக்கம் போய், மீராமுகைதீன் காக்கா எழும்பி வாசல்படியில் வந்து நின்றார். அரிசியில கல்லுக் கிடக்கா, மில்லுக்காரன் சரியாத் தீட்டல்லியா என்று பதறிப்போய்க் கேட்டார். அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் சிரிப்போடு முடிந்திருக்கும். வெட்கத்தில் புத்தி கெட்டு, இல்ல காக்கா, நாங்க இப்ப சோறு பெரிசாத் திங்கிறல்ல என்றேன்.

அந்த அரிசி எப்படி வந்தது என்று பிறகுதான் எனக்குத் தெரியும். இந்தப் போகம் யானை இறங்கி அவர்களின் வயலில் பாதியைத் தின்றும் மிதித்தும் போய்விட்டது. மிச்சத்தை அந்த மனிசன் காவல் குடிலில் கண் முழித்துக் கிடந்து, யானை வெடி போட்டுக் காப்பாற்றியிருக்கிறார். அதில் நல்ல நெல்லாகப் பார்த்து, சம்பந்தி வீட்டுக்கு என்று தனியாக அவித்துக் காயவைத்துக் குற்றி எடுத்த அரிசி. அதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நாங்கள் சோறு தின்னுகிறதில்லை என்று பெரிய எடுப்புக் காட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். ஏசியிருந்தால்கூட ஆறியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து உன் மாமாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை எங்கட வீட்டுக்குத்தானே வந்து இருக்கப்போறார், எங்கட வயல்ல விளையிற சோத்தத்தானே திங்கணும், அது அவங்களுக்குப் பிடிக்கல்ல என்றா இப்பவே சொல்லிப்போடச் சொல்லுங்க, புள்ளையக் கட்டிக் கொடுத்துப்போட்டு அழ எங்களால ஏலா என்று. அவர் கேட்டதில் என்ன பிழை? ஸஹ்றா அழுது முகம் வீங்கிக் கிடக்கிறாளாம். அவளை எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வாப்பா என்னை ஏசித் தீர்த்துவிட்டார். மாமாவை அனுப்பி மன்னிப்புக் கேட்போம் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கெடுத்தது நான், போக வேண்டியதும் நான். நாளைக்கு ஜும்ஆ முடிந்ததும் இறக்காமம் போகிறேன். ஷாஹினாவின் கையைப் பிடித்து, காக்காவுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வேன், கிழவிக்குக் கல்யாண மேடையில் மெல்லிசாகத் தெரிய ஆசை வந்து சோற்றை விட்டவ, ஒங்கட அரிசியில ஒரு குறையும் இல்ல என்று. சிரிப்பார்கள். ஊர் முழுக்கப் போகும். போகட்டும். நீயும் மீராமுகைதீன் காக்காவுக்குக் கோல் எடுத்து, உம்மாவை மன்னித்துக்கொள்ளச் சொல்லிக் கேள். ஏன் எதற்கு என்று அவர் விசாரித்தால், வயது போன நேரத்தில் உம்மாவுக்கு ஒரு பைத்தியம் என்று சொல். வேறு எதுவும் சொல்லிவிடாதே.

இனி எழுதுவது உனக்கும் எனக்கும் மட்டும்தான். பெருநாளன்று நீ கோல் எடுத்தபோது நதீரா பிள்ளைக்கு உடுப்புப் போட்டுக்கொண்டு ஃபோனைச் சத்தமாக வைத்திருந்தாள். நான் குசினியில் குர்பான் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தேன். உம்மாவ மேடையில ஏத்தினா போட்டோவுல எங்களுக்கு இடம் இரிக்காது, ஓரமா ஒரு கதிரையப் போட்டு வெச்சிருவம் என்று நீ சொன்னாய். உன் அறைப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தது கேட்டது. நதீராவும் சிரித்தாள். பகிடிக்குத்தான் சொன்னாய், எனக்குத் தெரியாதா? ஆனாலும் நெஞ்சு நொந்து போயிற்று மகன். நீ வயிற்றில் இருந்தபோது போட்ட உடம்பு இது, பிறகு இறங்கவே இல்லை. இருபத்தேழு வருசமாக ஒரு குறையாக நினைக்காமல் சுமந்துகொண்டு திரிந்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்ணாடிக்கு முன்னால் நின்று வெட்கப்பட்டேன்.

உன்னில் கோபம் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நதீராவையும் ஏசாதே, எனக்குக் கேட்டது அவளுக்குத் தெரியாது. மேடையில் நான் எந்த ஓரத்திலும் நிற்பேன், கதிரையில் இரு என்றால் இருப்பேன். ஸஹ்றாவின் காதில் மட்டும் இது ஒருகாலமும் விழக்கூடாது. பெற்ற உம்மாவையே இப்படிச் சொன்னவர் நாளைக்கு என்னை என்ன சொல்வார் என்று அந்தப் பிள்ளை நினைக்கத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு உனக்காக யாராலும் போய்க் கதைக்க ஏலாது. அவளும் அல்லாஹ் நாடினால் பிள்ளை பெறுவாள், அவளுக்கும் உடம்பு போடும். அவள் குசினியில்தானே நிற்கிறாள், கேட்காது என்று நினைத்துக்கூடச் சிரித்துவிடாதே. கேட்கும், மகன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான ரிஸ்கையும், கட்டுகிறவளின் மனம் நோகாமல் பேசுகிற நாவையும் தருவானாக. ஆமீன். வாசித்து முடித்ததும் கோல் எடு. இந்த முறை நான் ஃபோனைத் தூக்குவேன், ஆனால் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே.

உன் சுகத்துக்கு இரவும் பகலும் துஆ கேட்கும்
உம்மா