உன் காவடியில் என் ஒட்டு

என் பொறாமைக்குரிய அண்ணே,

முதலில் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே டிக் வெல்டிங் மெஷின் வாங்கிவிட்டேன். புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் எல்லாரும் மெச்சும்படி வேலை செய்தாயே, உனக்கென்று சொந்தமாக ஒரு மெஷின் இருந்ததா? எனக்கு இருக்கிறது.

வாங்கியதும் உன்னால்தான். உன் துக்க வருஷம் முடிந்துவிட்டது, இந்தத் தைப்பூசத்துக்கு நீ செய்த அலுமினியக் காவடியை நான் எடுக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால் தோளில் உட்காரும் வளைவில் விரிசல். ஒட்டிவிடலாம் என்றேன்.

"பெரியவன் கைபட்டதுடா. கெடுத்துறாத" என்றாள் அம்மா.

துறைமுகத்தில் தினமும் இரும்பை ஒட்டுகிறவன் நான். அம்மா கண்ணுக்குக் கெடுக்கிறவன். எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல்.

ஜார்ஜ் டவுன் கடையில், கையிலேயே தூக்கி வரக்கூடிய சின்ன மெஷின் ஒன்றுக்கு ஆசைப்பட்டேன். கடைக்காரர் தடுத்தார்.

"இதுல டிசி கரண்ட் மட்டும்தான்லா தம்பி, ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஓகே. அலுமினியத்து மேல ஒரு தோல் இருக்கும், அத உடைக்க ஏசி கரண்ட் வேணும்."

ஏசியும் உள்ள பெரியதையே எடுத்தேன். லாரியில் வந்தது. வீட்டுப் பிளக்கில் செருகியதும் வீடே இருண்டுபோனது, பிறகு அதற்கென்று தனி வயர் இழுக்க வேண்டியதாயிற்று. ஆர்கன் கேஸ் சிலிண்டரைக் கார் நிறுத்துமிடத்துத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டினேன்.

முதலில் ஒரு பழைய அலுமினியத் துண்டில் போட்டுப் பார்த்தேன். கரியும் ஓட்டையுமாக வந்தது. எத்தனை தடவை போட்டாலும் அதே லட்சணம். பின்னாலிருந்து அம்மா, "பெரியவன் போட்டா வெள்ளி மாதிரி மின்னும்" என்றாள். உன் மேல் வந்த கோபத்தில் வெல்டிங் டார்ச்சை வைத்துவிட்டு எழுந்தேன்.

அப்போதுதான் முதுகில் சில்லென்று காற்று பட்டது. எனக்கு வியர்க்கிறதே என்று அம்மா மேசை விசிறியைக் கொண்டுவந்து பின்னால் வைத்திருக்கிறாள்! உருகும் இடத்தை மூடிக் காக்க வேண்டிய ஆர்கனை அது அடித்துக்கொண்டு போயிருக்கிறது. துறைமுகத்தில் போடும், கேஸே தேவைப்படாத குச்சி வெல்டிங்கில் விசிறிக் காற்றை யார் கவனித்தார்கள்? ஆனால் ஒன்று, நீ ஃபேக்டரியில் வெல்டிங் போட்டபோது அம்மா உனக்கு விசிறி வைத்தாளா? இந்த ஒன்றில் உன்னை ஜெயித்துவிட்டேன்.

விசிறியை அணைத்தேன். விரிசலை அரைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒட்டினேன். அலையலையாக விழுந்தது. உன்னுடையதைவிட நன்றாகவே வந்தது. ஆமாம், சொல்வேன்.

மறுநாள் அம்மா காவடியைத் தடவிப் பார்த்தாள். உன் ஒட்டுகள் எல்லாம் மங்கிப்போயிருந்தன. பளபளத்த ஒன்றில் விரலை நிறுத்தினாள்.

"பாத்தியா, பெரியவன் போட்டது இன்னும் எப்படி மின்னுது!"

அவள் விரல் இருந்தது என் ஒட்டில். "அது நான் போட்டதும்மா" என்று வாய்வரை வந்தது. அதற்குள் குனிந்து அதில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். செத்த பிறகும் எனக்கு வர வேண்டியதை நீயே வாங்கிக்கொள்கிறாயே, நியாயமா அண்ணே?

சரி, தைப்பூசம்வரை வைத்துக்கொள். தண்ணீர்மலைக் கோயிலில் காவடியை இறக்கியதும், அம்மா கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, "இது சின்னவன் போட்டது" என்று சொல்வேன். இது சத்தியம். அன்றைக்கு நீ பொறாமைப்படு.

வயிற்றெரிச்சல் இன்னும் அடங்காத,
உன் ஒரே தம்பி