பிழிந்த தண்ணீரில் மஞ்சள்

1958 ஜூன் 11
சாரல் விழுந்துவிட்டது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் நல்லக்கண்ணு அண்ணாச்சி முதல் மூட்டையைப் போட்டுவிட்டுப் போனார். நாற்பது துண்டு, அத்தனையும் எண்ணெயில் ஊறிக் கிடக்கு. சோப்புக்கு மசியாது. கொதிதண்ணீரில் சலவைச் சோடா போட்டால்தான் கழலும்.

இந்த சீசன்வரைதான் பார்ப்பானாம் அண்ணன் சுடலையாண்டி. நான் பிழைக்க வழியில்லையென்றால் சிவகிரிக்கு, என்னைக் கட்டின அந்த மனுஷன் வீட்டிலேயே, கொண்டு விட்டுவிடுவானாம். அங்கே வாங்கின அடியெல்லாம் இவனா வாங்கினான்? போக மாட்டேன்.

ஜூன் 19
இன்று சோடா ஒரு கை கூட. துண்டு வெள்ளைவெளேர். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. கண்ணில் ஒரு சொட்டு தெறித்து அரைக்குடம் தண்ணீர் விட்டுக் கழுவினேன். இருக்கட்டும்.

ஜூன் 24
நான் வெளுத்த துண்டால் துடைத்த ஒருத்தருக்கு முதுகெல்லாம் தடித்துப்போச்சாம். அண்ணாச்சி வந்து, “தீயா எரியுதுங்காரு தாயி. ஒரு வாரம் பாக்கேன், இல்லன்னா வேற ஆளுதான்” என்றார். உங்க எண்ணெய்தான் கோளாறு என்று சண்டை போட்டேன். அவர் போனபிறகு அழுதேன்.

நான் என்ன தப்பு செஞ்சேன்? வெயிலே இல்ல. நாலு தரம் அலசினா எப்ப முடிச்சு எப்பக் காயப்போட? ஒரே அலசல், அடுப்புப் பக்கம் கொடி கட்டிக் காயப்போட்டேன். அதுக்குன்னு—

ஜூன் 25
மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு அந்தத் துண்டாலேயே முகம் துடைத்தேன். ஒட்டின மஞ்சள், ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்துபோச்சு! என் சேலையில் துடைத்தால் மஞ்சளாகவே இருக்கு. அப்படியென்றால் சோடா போகவில்லை. நூலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு, ஈர உடம்பு பட்டதும் கரைந்து எரிக்குது. பாவி, நான்தான் செஞ்சிருக்கேன்.

ஜூன் 27
சோடா பாதிதான். கை வைக்காமல் கம்பால் கிண்டினேன். ஒவ்வொரு அலசலிலும் பிழிந்த தண்ணீரில் மஞ்சள்தூள் போட்டுப் பார்த்தேன். மூன்றாவதிலும் சிவப்பு. நாலாவதில் எலுமிச்சம்பழம் பிழிந்தேன், மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. அலசிக் காய ரெண்டு நாள் ஆகும். ஆகட்டும்.

ஜூலை 1
எண்ணெய் தேய்க்கிறவர்கள் எல்லாரும் பார்க்க, நனைத்த துண்டை என் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஒரு மணிநேரம் நின்றேன். பிறகு அண்ணாச்சியிடம் தடிப்பில்லாத கழுத்தைக் காட்டினேன். அடுத்த மூட்டையை எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 17
சிவகிரியிலிருந்து அந்த மனுஷனே வந்துவிட்டான். நான் கொல்லையில் துண்டு பிழிந்துகொண்டிருந்தேன். அண்ணன் என்னைக் கூப்பிடுவான், போகச் சொல்லுவான் என்று அவன் குரலுக்குப் பயந்து நின்றேன்.

அண்ணன் அவனை உள்ளேயே விடவில்லை. “அவளுக்கு இங்கன வேல கெடக்கு மாப்ள. அவ வர மாட்டா” என்றான்.

இன்னும் பன்னிரண்டு துண்டு அலச வேண்டியிருந்தது. அலசினேன்.