சுல்தானாவும் என் கத்தியும்

என் மைமூனுக்கு,

தெருவில் எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் சலாம் சொல்கிறவன், கட்டிய மனைவிக்குச் சொல்லாமல் எப்படி ஆரம்பிப்பேன்? அஸ்ஸலாமு அலைக்கும். பதில் சலாமை நீ வாய்க்குள்ளேயே சொல்லியிருப்பாய். இருந்தபோதும் அப்படித்தானே! "சொல்லலையா?" என்று கேட்டால் சண்டைக்கு வருவாய்.

முதலில் ஊர்ச் சேதி. நம் தெருவுக்குக் கரண்ட் வந்துவிட்டது. பள்ளிவாசலுக்கு மைக் செட் வாங்கியாயிற்று. மோதினார் என்று பேர் வாங்கிய உன் புருஷன் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இனித் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. மெதுவாகச் சொன்னாலே ராஜகிரி மலையில் முட்டித் திரும்பி வருகிறது. "நீ இருமுறதுகூட மலை வரிக்கும் கேக்குது பாய், மொதல்ல சுவிட்ச அமுத்திட்டு இருமு" என்கிறாள் அடுத்த வீட்டுச் சபூரா. அவள் வாய் கொஞ்சமும் குறையவில்லை.

சரி, நீ எதைக் கேட்கக் காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன் சுல்தானா இருக்கிறாள்.

பருந்து கொண்டுபோனது போக மிஞ்சிய ஒற்றைக் கோழிக்குஞ்சை முந்தானையில் முடிந்து வளர்த்தாயே, அவள்தான். முட்டையிட்ட காலமெல்லாம் அவளுக்கே மறந்திருக்கும். தெருவில் யார் வீட்டில் விருந்தென்றாலும் கோழியை என்னிடம்தான் தூக்கி வருகிறார்கள். ஓதி அறுத்துக் கொடுப்பதும் மோதினார் வேலைதானே. அதனால்தான் நீ போவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "ஊர்க்கோழிக்கெல்லாம் நீங்க உயிர் வாங்குற மலக்கு. எங்கோழிகிட்ட மட்டும் கத்தியோட வராதீங்க." சரி என்றேன்.

ஆனால் அவள் என்னை விட்டால்தானே! நீ போன மறுநாளிலிருந்து என் காலையே சுற்ற ஆரம்பித்தாள். ஒரு உயிர் பார்க்க இன்னொரு உயிரை அறுக்கக் கூடாது என்பது முறை. யாராவது கோழியோடு வாசலில் நின்றால் உன் மகாராணி முன்னால் வந்து நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். உள்ளே பூட்டினால் கதவைக் கொத்துவாள். கூடையில் கவிழ்த்தால் ஊரைக் கூட்டுவாள். தாடி நரைத்த மனுஷன் நான், கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு திருடன் மாதிரி கொல்லை வழியாக நழுவி, அவரவர் வீட்டுக்கே போய் அறுத்துக் கொடுத்தேன். சிரி, நன்றாகச் சிரி.

பிறகு அவள் கண்ணில் வெள்ளை விழுந்தது. முதலில் ஒன்று, அப்புறம் மற்றதும். சபூராவுக்கு ஒரே சந்தோஷம்.

"கண்ணுதான் அவிஞ்சி போச்சே பாய், இனிமே இன்னா? இங்கியே அறுக்க வேண்டியதுதான?"

"காது இருக்குதே."

"கோழிக்குக் காதா? எங்க காட்டு பாக்கலாம்!"

இறகை விலக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "யா அல்லா, ஆமா இருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே தன் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கண் போன பிறகு சுல்தானாவுக்கு என் குரல்தான் வழி. அதிலும் ஒரு கூத்து. மைக் வந்த நாளிலிருந்து பாங்குச் சத்தம் ஒலிபெருக்கி கட்டிய கம்பத்திலிருந்து வருகிறதா, இவள் தட்டுத் தடுமாறிப் போய் அந்தக் கம்பத்தடியில் நின்றுவிடுவாள். தொழுகை முடிந்ததும் நான் போய்த் தூக்கி வர வேண்டும். தொழ வருகிறவர்கள், "பாய், உங்க வூட்டுக்காரம்மா வந்து நிக்கிறாங்க" என்று என்னைக் கிண்டல் செய்வார்கள்.

தானாகக் கொத்தித் தின்ன முடியவில்லை. தானியம் ஓரிடம், கொத்துவது ஓரிடம். மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டினேன், ஒவ்வொரு வாய்க்கும் அல்லாவின் பேரால் என்று பிஸ்மி சொல்லி. உனக்கு ஊட்டிப் பழகியதுதான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நம் வீட்டுக் கஞ்சி போதும் என்று படுத்துக்கொண்டாயே. பிஸ்மி சொல்லக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறப்பாய், உனக்கும் சேர்த்து நானே சொல்வேன். கஞ்சிக் கரண்டியை எடுத்தால் இப்போதும் அது தானாக வாயில் வந்துவிடுகிறது.

இந்த ஐப்பசி மழையில் சுல்தானா படுத்துவிட்டாள். கழுத்துக்குக் கீழே இரைப்பை கல்லாக இறுகிக் கிடந்தது. மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் தூக்கிப் போனேன். "எங்கிட்ட இருக்குறது மாட்டு ஊசி பாய். இதுக்குப் போட்டா ஊசிதான் மிஞ்சும்" என்றார். நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு மெதுவாக நீவிவிடச் சொன்னார். கிளம்பும்போது, "வயசாயிட்டுது, அதுக்கு மேல உங்க இஷ்டம்" என்றும் சொன்னார்.

இரண்டு நாள் நீவினேன். எதையும் வாங்கவில்லை, மூச்சுதான் வாங்கியது. அந்த நேரம் பார்த்து அனந்தபுரத்திலிருந்து நம் மகள் ஜரீனா பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அத்தா, அது மூச்சு உடுறதப் பாருங்க. தானா செத்துதுன்னா யாருக்கும் ஆவாது. நீங்க பிஸ்மி சொல்லி அறுத்தா ஒரு நொடி. இல்லாதவங்க யாராவது சாறு வெச்சிக் குடிப்பாங்க."

"அம்மா அறுக்காதன்னு சொல்லிச்சிம்மா."

"வலிக்க உடுன்னு சொல்லிச்சா?"

உன் வயிற்றில் பிறந்தவளாயிற்றே, வாய் வேறெப்படி இருக்கும்? உனக்குக் கொடுத்த வாக்கைப் பார்ப்பதா, சுல்தானா படுகிற வலியைப் பார்ப்பதா? ஊருக்கெல்லாம் அறுக்கிற கை, வலிக்காமல் அனுப்பத் தெரிந்த கை, சொந்தக் கோழிக்கு மட்டும் மாட்டேன் என்பது பிரியமா, பிடிவாதமா? நீயே சொல்லேன்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு, அவள் காதில் விழக் கூடாது என்று பள்ளிவாசல் கிணற்றடிக் கல்லில் கத்தியைத் தீட்டினேன். வீட்டுக்கு வந்து கொல்லையில், நீ வைத்த மருதாணிச் செடிப் பக்கம் அவளைத் தூக்கிப் போனேன். கையில் கனமே இல்லை. ஜரீனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேற்கே கிப்லாவைப் பார்த்து உட்கார்ந்து, கழுத்தை இடது உள்ளங்கையில் வாங்கி, "பிஸ்மில்லாஹி" என்றேன்.

சுல்தானா வாயைத் திறந்தாள், மைமூன்.

பாவி மகளுக்கு என்ன தெரியும்? பிஸ்மி என்றால் கஞ்சி வரும், அவ்வளவுதான் தெரியும். எதையும் தொடாமல் கிடந்தவள் அந்தச் சொல்லைக் கேட்டதும் அலகைப் பிளந்துகொண்டு குருட்டுக் கண்ணோடு காத்திருக்கிறாள். என் வலது கையில் கத்தி இருக்கிறது. உன் மையித்தை அடக்கத்துக்கு எடுத்தபோதும் ஊரார் முன்னால் அழாதவன் நான், அந்த இடத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுது முடிப்பதற்குள் சிரிப்பும் வந்து தொலைத்தது.

"ஜரீனா! கஞ்சி கொண்டா!"

நான் போட்ட சத்தத்தில் சபூரா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "இன்னா பாய், ஆச்சா?"

"ஆவல. அதுக்குப் பசிக்குதாம்."

ஜரீனா அழுதுகொண்டே கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். மூன்று வாய் வாங்கினாள் உன் மகாராணி. மறுநாள் இரைப்பை கொஞ்சம் இளகியிருந்தது. கம்பவுண்டரின் எண்ணெயா, அல்லாவின் கருணையா, எனக்குத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன், அவள் பழையபடி நடமாடப் போவதில்லை. நோன்பு வரைக்கும் தாங்குவாளா என்பதே சந்தேகம். ஆனால் இப்போது மூச்சு வாங்கவில்லை. இதை எழுதும்போது என் மடியில்தான் தூங்குகிறாள், கைலியை நாசம் பண்ணிவிட்டு.

ஊருக்குக் கிளம்பும்போது ஜரீனா தானாகவே சொன்னாள்: "வாயத் தொறக்குற வரிக்கும் ஊட்டுங்க அத்தா. தொறக்காத அன்னிக்குச் சேதி அனுப்புங்க. நானும் வந்து பக்கத்துல ஒக்காந்துக்குறேன்." அதுதான் முடிவு. சுல்தானா போன பிறகு அடக்க அந்த மருதாணி அடியிலேயே இடம் பார்த்து வைத்திருக்கிறேன். சாறு வைக்க யாருக்கும் கிடையாது. சபூராவிடமும் சொல்லிவிட்டேன்.

இதை மைக்கில் சொல்லவில்லை, உன் காதோடு சொல்கிறேன். இனி அவள் காதுபட நான் பிஸ்மி சொன்னால் என் கையில் கத்தி இருக்காது, கஞ்சிதான் இருக்கும். அவள் வாயைத் திறக்காத நாளில் அதுவும் இருக்காது, கையில் அவள் மட்டும் இருப்பாள்.

உன் வீட்டுக்காரன்,
இப்போது சுல்தானாவுக்கும் அத்தா,
காதர்