பீரோவில் நான்கு ஆல்பங்கள்

8 ஜூன் 2025, ஞாயிறு. திண்டிவனம்

சிங்கப்பூரிலிருந்து ரஞ்சித் பேசினான். செல்வி இருந்தவரை மகனோடு பேசுவது அவள் வேலை. நான் எடுத்தாலும் "அம்மாகிட்ட குடுப்பா" என்பான். அவளை அடக்கம் செய்து மூன்று மாதமாகிறது. இன்று நான்தான் எடுத்தேன், கொடுக்க ஆளில்லை.

பிறகு அவனே, "என் கார்டு ஆல்பமெல்லாம் எங்கப்பா இருக்குது?" என்றான். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து சேர்த்த கிரிக்கெட் கார்டு, மல்யுத்தக் கார்டு. மொத்தம் நான்கு ஆல்பம். அங்கே ஒரே அறையில் எட்டுப் பேர் என்று இங்கேயே விட்டுப் போனவை. கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்றேன். பதறிவிட்டான்.

"தரையில வைக்காதபா, ஈரம் ஏறும். பீரோவுல நிக்க வை. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காத, கார்டு அமுங்கிடும்."

சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

11 ஜூன்

செல்வியின் புடவைகளைக் கீழ்த் தட்டுக்கு இறக்கிவிட்டு ஆல்பங்களை மேலே நிற்க வைத்தேன். சாய்ந்தன. அவளுடைய ஊசி நூல் டப்பாவை முட்டுக் கொடுத்ததும் நின்றன. புடவைக்கு நடுவே அவள் அந்துருண்டை போடுவாள். நானும் ஆல்பங்களின் பக்கங்களுக்கு நடுவே போட்டு வைத்தேன். இனி எந்தப் பூச்சி வரும், பார்க்கலாம்.

18 ஜூன்

விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் செருப்புக் கடையில், ஷூ பெட்டிக்குள் ஈரம் இழுக்கும் சின்னப் பொட்டலம் வரும். இன்று ஒரு பை நிறையச் சேர்த்தேன். முதலாளி கோதண்டபாணி பார்த்துவிட்டார்.

"இன்னா சவரி, குப்பையைப் பொறுக்கினு இருக்கிற?"

"பையன் கேட்டான்" என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

வாராவாரம் இதே பேச்சுதான். ஆனால் ஞாயிறு காலையிலேயே போனுக்குச் சார்ஜ் ஏற்றி வைத்துவிடுகிறேன். இன்று வீடியோவில் காட்டச் சொன்னான். முதல் ஆல்பத்தைத் திறந்து காட்டினேன். என் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும். "போதும்பா, மூடிடு" என்றான். சிக்னல் சரியில்லையோ, குரல் இறங்கியிருந்தது.

9 ஆகஸ்ட்

போச்சு.

கண்ணாடியில் கோளாறு இல்லை. முதல் ஆல்பத்தின் பக்கங்கள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றைப் பிரித்தேன், கார்டின் சாயம் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. மற்ற மூன்றும் தப்பித்தன. அவை அவன் சம்பாதித்து வாங்கிய நல்ல ஆல்பங்கள். இது மட்டும் பஜாரில் வாங்கிய மலிவுச் சரக்கு. ஆனால் இதில் இருப்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் செல்வி அவனுக்கு வாங்கிக் கொடுத்த கார்டுகள். கடவுளே, இதுவா போகணும்?

11 ஆகஸ்ட்

கடைக்குப் பக்கத்து போட்டோ ஸ்டூடியோவில் ஜெசியிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்தாள்.

"அந்துருண்டை போட்டீங்களா அங்கிள்? அது பிளாஸ்டிக்க இளக்கிடும். இனிமே பிரிக்காதீங்க, கிழிஞ்சிடும்."

ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

"ஆல்பம் எப்படிப்பா இருக்குது?"

"நல்லா நிக்குது."

ஏன் பொய் சொன்னேன்? திட்டுவான் என்றா? திட்டினால் திட்டட்டும். ஆல்பம் போய்விட்டது என்று தெரிந்தால் அடுத்த ஞாயிறு அவன் எதற்குப் பேசுவான்? எனக்கு அந்தப் பயம்தான்.

14 செப்டம்பர்

பூசைக்குப் போய் வந்து மறுபடியும் அதே பொய். நல்ல கிறிஸ்தவன்.

26 அக்டோபர், ஞாயிறு

"ஊர்ல மழையாமேப்பா. ஆல்பத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்துருண்டை, அம்மா வாங்கிக் கொடுத்த கார்டு, ஜெசி சொன்னது, நான் சொன்ன பொய். தப்புடா, தெரியாம பண்ணிட்டேன்டா என்றேன்.

"தெரியும்பா. வீடியோவுல காட்டினியே, அப்பவே பார்த்துட்டேன்."

"தெரிஞ்சிக்கினே ஏன்டா வாராவாரம் கேட்ட?"

"வேற இன்னாபா கேக்கறது உன்கிட்ட."

அழுதான். நானும் அழுதேன். அவள் இருந்திருந்தால் இரண்டு பேரையும் திட்டியிருப்பாள்.

2 நவம்பர், ஞாயிறு. கல்லறைத் திருநாள்

செல்வியின் கல்லறையைக் கழுவிச் சாமந்தி வைத்தேன். தூறலில் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் ரஞ்சித் கூப்பிட்டான்.

"சாப்ட்டியாபா?"

"கருவாட்டுக் குழம்பு வச்சேன்."

"நீயா?"

"உப்புதான் தூக்கல்."

"அம்மா கத்திரிக்கா போடும்பா. அது உப்ப இழுத்துக்கும்."

அது தெரிந்திருந்தால் போட்டிருக்கமாட்டேனா என்றேன். சிரித்தான். நீ என்ன சாப்பிட்டாய் என்றேன். சொன்னான். அறையில் இருப்பவர்கள் யார் யார், யார் சமையல் வாயில் வைக்க முடியாது, எல்லாம் சொன்னான்.

போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. ஆல்பத்தைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.