ஏற வேண்டிய மேடு

நாயாறு,
12.01.2025

அன்புள்ள அற்புதம்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளை படிக்கிறாளா என்று பார்க்கச் சொன்னீர் அல்லவா? நேற்று பிறின்சி வவுனியா கம்பஸிலிருந்து வந்து, புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் பெரிய மனிதன் போல எடுத்து விரித்துக்கொண்டேன். ஒரு படம். நடுவில் ஆழமாக ஒரு பள்ளம், கடல்நீர் தேங்கும் எங்கள் களப்பைப் போல. அவள் வந்ததும் கேட்டேன்.

"என்ன பிள்ளை, இரசாயனத்தில களப்பும் படிப்பிக்கினமோ?"

"அப்பா, புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறியள். அது பள்ளமில்லை, மேடு."

நான் ஐந்தாம் வகுப்போடு வலைக்குப் போனவன் என்பது உமக்குத் தெரியும். இப்போது அந்தப் புத்தகத்துக்கும் தெரியும்.

பிறகு அவள் விளக்கினாள். எங்கள் எஞ்சினுக்கு விடும் மண்ணெண்ணெய்க்குக் காற்றோடு சேர்ந்து எரிந்துபோகத்தான் விருப்பமாம். எரிந்தால்தான் அதற்கு நிம்மதி. ஆனாலும் பிளாஸ்டிக் கானுக்குள் வருடக்கணக்காகச் சும்மா இருக்கிறது. நடுவில் ஒரு மேடு நிற்கிறது. ஏவற்சக்தி என்று பெயர். யாராவது நெருப்புக்குச்சியைக் கிழித்து ஏற்றிவிட வேண்டும்.

"நடக்குமோ நடக்காதோ எண்டு சொல்லுறது வெப்ப இயக்கவியல். எப்ப நடக்கும் எண்டு அது சொல்லாது அப்பா. அதுக்குத் தாக்க வேகம் எண்டு வேற பாடம்."

"அப்ப குவைத்தில இருக்கிற கொம்மா எந்தப் பாடத்தில நிக்கிறா?"

அவள் சிரிக்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். கறிக்கு உப்புக் கூடினால் ஏசுவதற்கு ஆளில்லை. அதனால் கூடிக்கொண்டே போகிறது.

உமது,
ஸ்ரனிஸ்லஸ்


குவைத்,
02.02.2025

அன்பான பிறின்சியின் அப்பாவுக்கு,

கடிதத்தைக் குசினிக்குள் அடுப்படியில் நின்று வாசித்துச் சிரித்தேன். வீட்டுக்கார மடம் என்னவென்று கேட்டா. களப்பையும் மேட்டையும் நான் அரபியில் எங்கே சொல்ல?

பங்குனியோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பம் வைக்கச் சொல்லி அவ நிற்கிறா. ஞாயிற்றுக்கிழமை போனைத் தந்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பா. அந்த ஐந்து நிமிடத்தில் உங்களிடம் கேட்டால் "உம்மட விருப்பம், மகாராணி" என்று பகிடி விடுகிறீர்கள். உங்கள் பகிடி எனக்குப் பிடிக்கும். இதற்கு வேண்டாம்.

பிள்ளை படித்து முடிக்கும்வரை நான் இங்கே நிற்பது நல்லதென்று நினைக்கிறீர்களோ, நானில்லாமல் உங்களுக்குப் பழகிவிட்டதோ, தெரியவில்லை. இந்தக் கடிதத்துக்கும் "உம்மட விருப்பம்" என்று வந்தால் ஒப்பம் வைத்துவிடுவேன்.

உப்பைக் குறையுங்கோ. உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது.

அற்புதம்


நாயாறு,
23.02.2025

அற்புதம்,

உமது கடிதத்தைக் கரையில் வள்ளத்தடியில் இருந்து வாசித்தேன். பிறகு பிறின்சி வாங்கி வாசித்தாள்.

"அம்மாவுக்குப் பக்கம் பக்கமாக் கதை எழுதுறியள். ஒரு சொல்லு மட்டும் எழுத வராதோ?"

"எழுதினா அவ வேலையை விட்டிட்டு வந்திடுவா. பேந்து உன்ர படிப்பு?"

"என்னைச் சாட்டாமல் எழுதுங்கோ அப்பா. நான் சமாளிப்பன்."

அவள் சொன்னது சரி. பிள்ளையைச் சாட்டிக்கொண்டுதான் இருந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருப்பவனுக்கு ஒரு குறையும் இல்லையென்று நீரும் நம்பிவிட்டீர். பின்னேரம் கரைக்கு வந்தால் இரண்டு கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றுகிறேன். மற்றதையும் நானே குடிக்கிறேன். பழகவில்லை, அற்புதம்.

ஒப்பம் வைக்க வேண்டாம். வாரும்.

ஸ்ரனிஸ்லஸ்

பி.கு.: இது இரண்டாம் தரம் எழுதியது. முதல் எழுதியதைக் காற்றுத் தூக்கிப்போய், வள்ளத்தின் வெடிப்புக்கு நான் பூசியிருந்த றெசின் பசையில் ஒட்டிவிட்டது. இறுக வைக்கும் காடினரைக் கொஞ்சம் கூட விட்டிருந்தேன். வெயிலும் நல்ல வெயில். உரித்தெடுக்கப் போவதற்குள் கண்ணாடிபோல இறுகிவிட்டது. சூடு கூடினால் வேகம் கூடும் என்று பிறின்சி பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னாள். கடைசி வரி நன்றாகத் தெரிகிறது. கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வாசித்துவிட்டுத்தான் போகிறார்கள்.